மஞ்சள் பட்ட பஞ்சு

28 ஜூலை 2025, திங்கள்

அக்காவுக்கு,

செவலையின் கழுத்தில் ஒரு இடத்தில் மட்டும் மயிர் எழும்பி நிற்கிறது. இன்று காலை பால் கறந்துவிட்டுத் தட்டிக்கொடுக்கும்போது பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும். கையால் நீவினேன், படிந்தது. கையை எடுத்ததும் மறுபடி எழும்பிக்கொண்டது. விரலை வைத்து அழுத்தினால் தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று கெட்டியாகத் தட்டுப்படுகிறது. பிறகு உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். தொடையில் ஒன்று, மடிக்குப் பக்கத்தில் ஒன்று. மொத்தம் மூன்று.

அப்பாவிடம் காட்டினேன். உண்ணி கடித்திருக்கும் என்றார். அம்மா மதியம் குழம்பைத் தாளிக்காமல் இறக்கிவிட்டாள். அம்மை வந்த வீட்டில் தாளிக்கும் வாசனை ஆகாது என்பாளே. வாயால் சொல்லாததை அடுப்பில் சொல்லிவிட்டாள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. திடீரென்று கடிதம் வந்தால் பயப்படுவாய் என்று தெரியும். போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் உன் நம்பர் இல்லை. இருந்தாலும் போனில் எனக்குப் பேச வராது. டவுன் பஸ் கண்டக்டர் பச்சியப்பன் அண்ணன், உன் அக்கா வேலை பார்க்கும் லேப் வாசலில்தான் தினமும் பஸ் திரும்புகிறது, நான் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

செவலை உனக்கு நினைவிருக்கும். அவள் தாய் மயிலை சாகும்போது ஆறு மாதக் கன்றாக இருந்தவள். நான்தான் கையில் ஊட்டி வளர்த்தேன். இப்போது அவளுக்கே ஒரு கன்று இருக்கிறது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் தொட்டித் தண்ணி. இந்த வருஷம் முதல் மாடு நம்முடையது. நாற்பத்தொரு வீட்டைச் சுற்றிக்கொண்டு வருகிற முறை, மறுபடி எப்போது வருமோ. அப்பா கொம்புக்குப் பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டார். முதல் மாட்டு வீட்டுப் பெண்பிள்ளை விடியும்போது தட்டோடு ஒவ்வொரு வாசலாகப் போய், “ஆத்தா கூப்புடுறா, மாட்டை அவுங்க” என்று சொல்ல வேண்டும் அல்லவா? சொன்ன பிறகுதானே மாட்டை அவிழ்ப்பார்கள்? அது நான்தான். பால் சொசைட்டியில் எத்தனை லிட்டர் என்று கேட்டாலே எனக்குக் குரல் வராது. ஒரு மாதமாக அதைத்தான் செவலையிடம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு மேல் இது.

எல்லா மாடும் கோயில் முன்னால் நெருக்கிக்கொண்டு நிற்கும். எல்லா மாடும் அந்த ஒரே கல்தொட்டியில்தான் மஞ்சள் தண்ணி குடிக்கும். செவலைக்கு வந்திருப்பது மயிலைக்கு வந்ததுதானா, இல்லை வெறும் உண்ணிக் கடியா? செவ்வாய்க்குள் சொல்ல முடியுமா? அப்போது மாதிரி பதினோரு நாள் ஆகும் என்றால் பதில் எழுத வேண்டாம்.

சுசித்ரா


29 ஜூலை 2025

சுசி,

பச்சியப்பன் அண்ணன் கவரை நீட்டியதும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரித்தால் மாடு. நல்லது.

பதினோரு நாள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மறக்குமா? டாக்டரைக் கூட்டி வந்தது நான். அவர் ஊசியால் கட்டியிலிருந்து எடுக்கும்போது மயிலையின் தலையைப் பிடித்துக்கொண்டதும் நான். அவர் எடுத்தது வெளியூர் லேபுக்குப் போய், வரிசையில் கிடந்து, முடிவு வந்தது பதினோராவது நாள். மயிலை ஏழாவது நாளே போய்விட்டாள். அதற்குள் ஒன்பது வீட்டு மாடுகளுக்கு வந்துவிட்டது. ஆத்தா இறங்கின உடம்பில் ஊசி குத்தியதால்தான் இத்தனையும் என்று ஊர் சொன்னது. கோயில் முன்னால் எல்லாரும் நிற்க அப்பா உன்னைத்தான் கேட்டார், ஊசிக்கு முன்னால் மாடு நன்றாகத்தானே தீனி எடுத்தது என்று. நீ தலையை ஆட்டினாய். பால் கறந்தவள் நீ. தவிடு வைத்தவள் நீ. அப்பா அன்றைக்கே என்னை வாசலேறாதே என்று சொல்லிவிட்டார்.

இதைப் பற்றி இனி எழுதமாட்டேன். வேலையைச் சொல்கிறேன்.

அந்தக் கட்டிக்குக் காரணம் ஒரு வைரஸ். அதன் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்க அப்போது பெரிய இயந்திரம் வேண்டும். சூடாக்கும், ஆறவைக்கும், மறுபடி சூடாக்கும், இப்படி நாற்பது தடவை. அதற்கே இரண்டு மணி நேரம்தான் ஆகும். சோதனை மாதிரி போய்ச் சேர்வதும், முறை வருவதும், காகிதம் திரும்பி வருவதும்தான் மீதி நாள். இங்கே நாங்கள் பழகிக்கொண்டிருப்பது வேறு. கொதிக்க வைக்க வேண்டாம், மாட்டின் உடம்புச் சூடே போதும். ஒரு சின்னக் குழாயில் மருந்தோடு மாதிரியைச் சேர்த்து அந்தச் சூட்டில் இருபது நிமிஷம் வைத்தால், வைரஸின் டி.என்.ஏ. இருந்தால் அது பெருகிவிடும். பிறகு ஒரு பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும். கொரோனாவுக்கு மூக்கில் எடுத்துப் பார்த்தார்களே, அதே மாதிரிதான். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் இருக்கிறது. இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிற முறை. ஆனால் விவசாயிகள் கொடுத்தால் பார்க்கலாம் என்று எங்கள் மதியழகன் சார் சொல்லியிருக்கிறார்.

ஊசி வேண்டாம். கவரில் பஞ்சுக் குச்சியும் மூடி போட்ட குழாயும் வைத்திருக்கிறேன். குச்சியைக் கட்டியின் மேல் நன்றாக அழுத்தித் தேய்த்துக் குழாயில் போட்டு மூடு. பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்று. சோப்புப் போட்டுக் கை கழுவு. செவலையைத் தனியாகக் கட்டு. ஈயும் கொசுவும்தான் இதைச் சுமந்துகொண்டு போகும், அதனால் சாயங்காலம் வேப்பந்தழைப் புகை போடு. பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கன்றுக்குக் கொடு. நம் பக்கத்து மாட்டு டாக்டர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம், அடுத்த வாரம் புதன்கிழமைதான் வருவார் என்றார்கள்.

போன வருஷம் தடுப்பூசி போட வந்தபோது அப்பா மாடுகளை ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாராமே. பச்சியப்பன் அண்ணன் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கவி


30 ஜூலை 2025

அக்கா,

குழாயை அனுப்பியிருக்கிறேன். அப்பா சொசைட்டிக்குப் போன நேரத்தில் எடுத்தேன். மூன்று கட்டியிலும் தேய்த்தேன். செவலை ஒரு தடவை திரும்பிப் பார்த்ததோடு சரி, அசையவில்லை. ஆத்தாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொட்டேன்.

தனியாகக் கட்டிவிட்டேன். அப்பா ஏன் என்றார். கன்று முட்டிக்கொண்டே இருக்கிறது என்றேன். பொய்தான்.

தலையாட்டியதைப் பற்றி நீ எழுதமாட்டேன் என்றால் நானும் எழுதவில்லை.

சுசித்ரா


30 ஜூலை 2025, மாலை

சுசி,

இல்லை.

இரண்டு பத்துக்கு வைத்தேன். இரண்டரைக்கு எடுத்துப் பட்டையை நனைத்தேன். ஒரே கோடு. ஐந்து நிமிஷம் காத்திருந்தேன், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன், ஒரே கோடுதான். காலையில் பஸ்ஸில் ஏறிய மாதிரிக்குச் சாயங்காலப் பஸ்ஸில் பதில். அன்றைக்கு மட்டும் இது கையில் இருந்திருந்தால் என்று நினைத்தேன். சரி, போகட்டும்.

உண்ணிதான் போல. மருந்து வாங்கிக் குளிப்பாட்டு. அம்மாவைத் தாளிக்கச் சொல்.

கவி


2 ஆகஸ்ட் 2025, சனி

அக்கா,

உன் கடிதத்தை அப்பாவின் டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போய்விட்டேன். கையில் கொடுக்க தைரியமில்லை. அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று அம்மா சொன்னாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனார். அங்கே எல்லார் முன்னாலும், “எம் பெரிய பொண்ணு லேப்ல பாத்துட்டா. அரை மணி நேரத்துல சொல்லிட்டா, ஒண்ணுமில்லையாம்” என்றாராம். பெரிய பொண்ணு என்று அவர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. பக்கத்து வீட்டு ராமக்காள் பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து, “உங்கப்பன் மாதுவோட மாட்டுக்குச் சொகமாச்சோ இல்லையோ, அவனுக்குச் சொகமாயிருச்சு” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அன்று ராத்திரி அம்மா கடுகு வெடிக்கத் தாளித்தாள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு அடுத்ததை எழுதக் கை வரவில்லை.

நேற்று ஆறு கட்டி. இன்று எண்ணவில்லை. கழுத்திலிருந்து விலா வரைக்கும் மயிர் கொத்துக்கொத்தாக நிற்கிறது. முன்னங்கால் வீங்கியிருக்கிறது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்குகிறது. காலையில் பால் பாதிதான். தவிட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மயிலையும் இப்படித்தான் திருப்பிக்கொண்டாள்.

உன் பட்டை இல்லை என்று சொன்னது. நான் அதை நம்பினேன். அப்பாவும் நம்பினார், ஊரும் நம்பிவிட்டது. சூட்டுக் கட்டி, சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே, செவ்வாய்க்கிழமை செவலைதான் முன்னால் நடக்கும் என்கிறார் அப்பா. உன் வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் என்ன சொல்வது?

வேகமாக வந்து என்ன அக்கா.

சுசித்ரா


2 ஆகஸ்ட் 2025, மாலை

சுசி,

மூன்று மணிக்கு உன் கடிதம் வந்தது. நீ கோபப்பட வேண்டியதுதான். முதலில் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். குச்சியால் தேய்ப்பதற்கு முன்னால் கட்டியின் மேல் மஞ்சள் வைத்தாயா?

பஞ்சு மஞ்சளாக இருந்தது. அன்றைக்கே பார்த்தேன். கட்டி கசிந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மாரியம்மனுக்கு மஞ்சள் அரைத்த வீட்டில் பிறந்தவள், அதைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. இருபது நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

உன் மாதிரியில் கொஞ்சம் மீதி இருந்தது. அதில் நானே வைரஸின் டி.என்.ஏ.வைக் கலந்தேன். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக நாங்கள் வைத்திருப்பது அது, நோய் தராது. இரண்டு கோடு விழுந்தே ஆக வேண்டும். ஒன்றுதான் விழுந்தது. இருப்பதைக் கையால் கலந்து கொடுத்தும் இல்லை என்றது. அந்த முதல் கோடு பட்டை ஒழுங்காக நனைந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. மஞ்சளும் வேப்பிலையும் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. டி.என்.ஏ. பக்கத்திலேயே இருக்கும், மருந்துக்கு வாய் திறக்காது.

மதியழகன் சாரிடம் சொன்னேன். திட்டவில்லை. “இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி, இருந்தா இது சொல்லுமான்னு பாத்தியாம்மா?” என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அது என் தப்பு. உன்னுடையது இல்லை.

புதுக் குச்சியும் குழாயும் இரண்டிரண்டு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கட்டியைத் தொட வேண்டாம். ஒன்றை மூக்குக்குள் விட்டுச் சுற்று, இன்னொன்றை நாக்குக்கு அடியில். மஞ்சள் கூடாது, வேப்பிலை கூடாது, விபூதி கூடாது. உன் கையிலும் இருக்கக் கூடாது. அம்மா காலையில் மஞ்சள் பூசுவதற்கு முன்னால் எடுத்துவிடு.

அப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே. ஒரு தடவை தப்பாகச் சொன்னவள் இரண்டாவது தடவை சரியாகத் தெரிந்த பிறகுதான் பேச வேண்டும்.

கவி


3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அக்கா,

வைத்தேன்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து மூன்று கட்டியிலும் வைத்து, கும்பிட்டு, அது காய்ந்த பிறகு அதன் மேலேயே தேய்த்தேன். ஆத்தா இருக்கிற இடத்தை வெறும் கையால் தொடலாமா? அதை உனக்கு எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன் என்று யாராவது எழுதுவார்களா, அது மாதிரி.

இன்று வைக்கவில்லை. விடிந்ததும் எழுந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நகத்தில் மஞ்சள் இருந்தது, வேப்பங்குச்சியால் சுரண்டப் போய், அதுவும் வேப்பிலைக் கணக்கில் வருமோ என்று தூக்கிப்போட்டுவிட்டுக் கோழி இறகால் சுரண்டினேன். பிறகு கொட்டாய்க்குப் போய்ச் செவலை முன்னால் நின்றேன். மஞ்சள் இல்லாமல் கை நீட்டுவதற்கு ரொம்ப நேரம் ஆனது. மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இது தெரிந்துகொள்வதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை என்று. மூக்கில் விட்டதும் தும்மினாள். என் முகமெல்லாம் நனைந்தது. கழுவிக்கொண்டேன்.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் திரும்பியதும் மஞ்சள் கிண்ணத்தை முந்தானையால் மூடினாள். அதன் பிறகுதான் உள்ளே வந்து பூசினாள். இன்றும் தாளிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குச் சாயங்கால நடை கிடையாதாம். நாளைக் காலை முதல் நடையில்தான் இது உனக்கு வரும். குழாய்களைக் கிணற்றடியில் ஈரச் சாக்கு சுற்றிய மண்பானைக்குள் வைத்திருக்கிறேன்.

அக்கா, எழுதமாட்டோம் என்றதை எழுதுகிறேன். மயிலை ஊசிக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே தீனி எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தவிட்டில் வாயே வைக்கவில்லை, மிச்சத்தை நான்தான் குழியில் கொட்டினேன். அப்பா கேட்டபோது எனக்குத் தெரியும். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் அப்புறம் ஏன், எப்போது என்று கேட்பார்கள், பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டினால் ஒரு தடவையோடு முடிந்துவிடும் என்று ஆட்டிவிட்டேன். பத்தாவதோடு நின்று மாட்டைப் பார்த்துக்கொள் என்று அப்பா சொன்னபோதும் அப்படித்தான் ஆட்டினேன். அது என் விஷயம். கோயில் முன்னால் ஆட்டியது உன் விஷயம்.

சுசித்ரா


4 ஆகஸ்ட் 2025, திங்கள்

சுசி,

இருக்கிறது.

பதினொன்று இருபதுக்கு வைத்தேன், பதினொன்று நாற்பதுக்கு நனைத்தேன். நனைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டாவது கோடு முதல் கோட்டை விட அழுத்தமாக விழுந்தது. மூக்கு, வாய் இரண்டிலும். ஒன்றும் இல்லாத வெறும் தண்ணீரையும் கூடவே வைத்துப் பார்த்தேன், அதில் ஒரே கோடு. உன்னுடைய பழைய மாதிரியையும் பத்து மடங்கு தண்ணீர் விட்டு மஞ்சளைக் கரைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற மாதிரி, அங்கேயும் இரண்டாவது கோடு. போன புதன்கிழமையே இருந்திருக்கிறது, சுசி. நீ நேரத்தோடுதான் பார்த்திருக்கிறாய்.

சார் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டார். நாளை மதியத்துக்கு மேல் ஆட்கள் வருவார்கள். செவலைக்குக் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து தருவார்கள். கட்டி வராத மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள். நிறைய மாடு பிழைத்துக்கொள்கிறது, பயப்படாதே. ஆனால் மதியத்துக்குள் தொட்டித் தண்ணி முடிந்திருக்கும். நோய் இருக்கிற மாடு முன்னால் நடந்து, அதன் எச்சில் விழுந்த தொட்டியில் எல்லா மாடும் வாய் வைத்து, ஈ மொய்க்க ஒரு மணி நேரம் நெருக்கி நின்றுவிட்டால், பிறகு ஊசி எதற்கு?

நானே வருகிறேன் என்று சாரிடம் கேட்டேன். அப்புறம் வேண்டாம் என்று நினைத்தேன். நான் வந்தால் பேச்சு மாட்டைப் பற்றி இருக்காது, என்னைப் பற்றித்தான் இருக்கும். அப்பாவுக்குப் புது நம்பரிலிருந்து போன் போட்டேன். இருக்கிறது என்று வந்ததைச் சொன்னேன். “மொதல்ல இல்லைன்னே. ஊரு பூராச் சொல்லிட்டேன். இப்ப இருக்குதுங்கற. நாளைக்கு என்ன சொல்லுவ?” என்றார். வைத்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

நீ தலையாட்டியதற்கு நான் இரண்டு வருஷமாக உன் மேல் கோபமாக இருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

நாளை காலையில் நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். எங்கே போனாலும் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு போ. குளித்த பிறகு கொட்டாய்க்குள் கால் வைக்காதே. அடுத்தவர் மாட்டைத் தொடாதே.

கவி


5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

அக்கா,

ஆட்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். செவலைக்கு ஊசி போட்டார்கள், நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் கொஞ்சம் பச்சைப்புல் கடித்தாள். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. ஊசி போடும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றார். மாடுகளை ஓட்டிக்கொண்டு போகவில்லை.

தொட்டித் தண்ணி நடக்கவில்லை. எப்படி என்று கேட்பாய்.

விடிவதற்கு முன்னால் அப்பா செவலையைக் கழுவிக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார். சிவப்பு. கழுத்தில் கட்டி தெரியாமல் பெரிய மாலை கட்டியிருந்தார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது என்று அந்த மாலையைப் பார்த்தபோது நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து வந்த முறை, விட மனதில்லை. நான் குளித்துவிட்டு, பெட்டிக்குள் இருந்த நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, கொட்டாய்ப் பக்கமே போகாமல் வாசலில் நின்றேன். அப்பா அங்கிருந்தே, “தட்டை எடுத்துக்கிட்டுக் கெளம்பு, நேரமாவுது” என்றார்.

அம்மா தட்டைக் கொண்டுவந்தாள். குங்குமம், வெற்றிலை, மஞ்சள் தண்ணிச் செம்பு. செம்பை மட்டும் எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தட்டை என்னிடம் கொடுத்தாள். தெருவில் இறங்கிப் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அம்மா நம் வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மை இறங்கின வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி, காம்பு மேலே, இலை கீழே.

முதல் வாசல் ராமக்காள் பெரியம்மாவுடையது. நான்கு மாடும் மாலையோடு தயாராக நின்றன. அவள் கட்டுத்தறியில் முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். நான் வாசலேறாமல் தெருவிலேயே நின்றேன். குரல் வரவில்லை. தட்டிலிருந்த வெற்றிலையை நேராக்கினேன்.

“என்ன புள்ள, ஒரு வார்த்தை சொல்றதுக்கு மாடு சினையாயிரும்போல இருக்குதே” என்றாள்.

“மாட்டை அவுக்காதீங்க பெரியம்மா” என்றேன்.

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “ஆத்தா எங்க கொட்டாய்ல எறங்கியிருக்கா. எங்க மாடு வராது. நீங்களும் அவுக்காதீங்க.”

கையை முடிச்சிலிருந்து எடுக்காமலேயே, உங்கக்கா ஒன்றுமில்லை என்று சொன்னதாக உங்கப்பன் சொன்னானே என்று கேட்டாள். அது என் தப்பு, மஞ்சள் தடவி எடுத்துக் கொடுத்ததால் சோதனைக்குத் தெரியவில்லை, மறுபடி எடுத்ததில் தெரிந்துவிட்டது என்றேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மறுக்கா ஊசி குத்துனாளாக்கும் உங்கக்கா? அன்னைக்குக் குத்திட்டுப் போனவதான?”

இதற்குத் தலையை ஆட்டினாலும் சரி, பேசாமல் நின்றாலும் சரி, ஒன்றுதான்.

“ஊசியே குத்தலீங்க பெரியம்மா. அன்னைக்கும் ஊசியால ஒண்ணும் ஆவல. ஊசிக்கு ரெண்டு நாள் முன்னாடியே மயிலை தீனி எடுக்கல. எனக்குத் தெரியும். அப்பா கேட்டப்ப நான் சொல்லல.”

பெரியம்மா பாதி தளர்ந்திருந்த முடிச்சை இழுத்து இறுக்கினாள். அடுத்த மாட்டுக்குப் போய் அதையும் இறுக்கினாள். நான்கும் முடிந்த பிறகு மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“இதை எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? இன்னும் முப்பத்தொம்போது வூடு இருக்குது.”

தட்டை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

சுசித்ரா